டே டிரேடிங்னா என்ன: முதல் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

ஒரு பங்கையோ ஃபியூச்சர்ஸையோ (பின்னாடி வர்ற ஒரு தேதிக்கு இப்பவே விலை பேசிக்கிற ஒப்பந்தம்) கரன்சியையோ ஒரே நாள்ல வாங்கி அதே நாள்ல வித்துட்டு, மார்க்கெட் மூடும்போது கையில எந்தப் பொசிஷனும் (முடிக்காம நிக்கிற வியாபாரம்) இல்லாம வெளிய வர்றதுதான் டே டிரேடிங். இன்ட்ராடேன்னும் சொல்வாங்க. முதல்ல வித்துட்டு அப்புறமா வாங்கி அடைக்கிறதும் இதுல உண்டு, அதுக்குப் பேரு ஷார்ட் பண்றது, விலை இறங்கும்னு நினைக்கிறவங்க அந்தப் பக்கம் போவாங்க. ரெண்டுலயும் கணக்கு அன்னைக்கே முடிஞ்சிடணும்.

ஏன் அன்னைக்கே முடிக்கணும்னா ராத்திரி நடக்கிற எதையும் நம்மால கட்டுப்படுத்த முடியாது. கம்பெனி ரிசல்ட், மத்திய வங்கி அறிவிப்பு, போர்ச் செய்தி எல்லாம் மார்க்கெட் மூடின பிறகு வரும், மறுநாள் காலைல விலை நேரா 5% கீழ திறந்தா நடுவுல நீங்க போட்டு வச்ச ஸ்டாப் லாஸால (நஷ்டம் ஒரு அளவைத் தொட்டதும் தானா வெளிய வர்றதுக்குப் போடுற ஆர்டர்) ஒரு பிரயோஜனமும் இல்ல. டே டிரேடர் அந்த ஒரு ரிஸ்க்கைத் தவிர்த்துடுறாரு. அதுக்குப் பதிலா வேற ஒரு செலவைத் தலைல ஏத்திக்கிறாரு, அது என்னன்னு கீழ விரிவா பார்ப்போம், ஏன்னா இந்தக் கட்டுரையோட மையமே அதுதான்.

புதுசா வர்ற எல்லாரும் கேக்கிற கேள்வி "எங்க வாங்கணும், எங்க விக்கணும்". கேக்கவேண்டிய கேள்வி வேற. எவ்வளவு குவான்டிட்டி எடுக்கணும், நினைச்சது தப்பானா எவ்வளவு போகும், உள்ள போய் வெளிய வர எவ்வளவு செலவாகும். இந்த மூணுக்கும் பதில் பேப்பர்ல எழுதாம பட்டனை அமுக்குறவங்க எவ்வளவு நல்ல சார்ட் படிக்கத் தெரிஞ்சவங்களா இருந்தாலும் அக்கவுண்ட் கரைஞ்சுதான் போகும். அதனால இந்த வழிகாட்டில சார்ட் பேட்டர்னுக்குக் கொஞ்சம் இடம்தான், கணக்குக்கு நிறைய இடம்.

படி 1: இது யாருக்கு எப்படி முடிஞ்சிருக்குன்னு முதல்ல பாருங்க

ஆசையைக் கெடுக்கணும்னு சொல்லல, ஆனா இந்த எண்களைப் பார்க்காம உள்ள வர்றது நியாயமே இல்ல.

தைவான்ல 1992-ல இருந்து 2006 வரைக்குமான டே டிரேடர்கள் கணக்கு முழுசையும் எடுத்து பார்பர், லீ, லியூ, ஓடியன்னு நாலு பேர் ஆராய்ச்சி பண்ணாங்க. செலவெல்லாம் போக, தொடர்ந்து நம்பகமா லாபம் பார்க்கக் கூடியவங்க 1 சதவீதத்துக்கும் குறைவு. பிரேசில்ல 2013-ல இருந்து 2015-க்குள்ள இண்டெக்ஸ் (பல பங்குகளோட விலையைச் சேர்த்துக் காட்டுற குறியீடு) ஃபியூச்சர்ஸ்ல டே டிரேடிங் ஆரம்பிச்சவங்களைப் பின்தொடர்ந்து பார்த்தாங்க, 300 நாளுக்கு மேல விடாம பண்ணவங்கள்ல 97% பேர் நஷ்டம், அந்த ஊரு குறைந்தபட்சக் கூலியை விட அதிகமா சம்பாதிச்சவங்க 1.1% மட்டும். இதுல முக்கியமா கவனிக்கணும், இது நாலு நாள் ஆடிட்டு ஓடிப்போனவங்க கணக்கு இல்ல, வருஷக்கணக்குல உக்காந்து பண்ணவங்க கணக்கு. "அனுபவம் வந்தா சரியாயிடும்"ங்கிற நம்பிக்கைக்கு இதை விடப் பெரிய கேள்வி கிடையாது.

இந்தியால பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024-ல ரெண்டு அறிக்கை விட்டது. பங்குகள்ல இன்ட்ராடே பண்ண தனிநபர்கள்ல 2022-23 நிதியாண்டுல 10-ல 7 பேர் நஷ்டம், வருஷத்துக்கு 500 டிரேடுக்கு மேல பண்ணவங்கள்ல 80% நஷ்டம். ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ்ல (ஆப்ஷன்னா சொன்ன விலைல வாங்கவோ விக்கவோ உரிமை தர்ற ஒப்பந்தம்) மூணு வருஷத்துல 93% தனிநபர்கள் நஷ்டம், மொத்தமா போனது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல. ஐரோப்பால சிஎஃப்டி (பங்கை வாங்காமலே அதோட விலை ஏற்ற இறக்கத்து மேல மட்டும் போடுற ஒப்பந்தம்) விக்கிற கம்பெனிகள்ல 74-ல இருந்து 89 சதவீதம் வரைக்கும் சில்லறைக் கணக்குகள் நஷ்டத்துல இருக்குன்னு 2018-ல அங்க இருக்கிற கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லிட்டு, லீவரேஜுக்கு (கைல இருக்கிற பணத்தை விடப் பல மடங்குக்கு டிரேடு பண்றது) உச்சவரம்பு போட்டுச்சு.

அந்த 500 டிரேடு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. அதிகமா டிரேடு பண்றவங்க அதிகமா தோக்குறாங்க. ஏன்னு படி 4-ல தெரியும்.

படி 2: எந்த மார்க்கெட்

சுருக்கமா சொல்லிடுறேன். பங்குகள், இண்டெக்ஸ் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ், கரன்சி, கமாடிட்டி, கிரிப்டோ, எல்லாத்துலயும் டே டிரேடிங் நடக்குது. கரன்சி வாரத்துல அஞ்சு நாளும் 24 மணி நேரமும் ஓடும், கிரிப்டோ நிக்கிறதே இல்ல, அதனால அங்க உங்க "நாள்" எப்ப முடியுதுன்னு நீங்களே கோடு போட்டுக்கணும், இல்லன்னா தூக்கம் போயிடும். ஆப்ஷன்ஸ்ல விலையோட திசை சரியா இருந்தாலும் நேரம் போகப்போக பிரீமியம் (ஆப்ஷனோட விலை) கரையும், அதனால கத்துக்கிறதுக்கு அது நல்ல இடம் இல்லைங்கிறது என்னோட உறுதியான கருத்து. ஆரம்பிக்கிறவங்க நல்லா வியாபாரம் ஆகுற பெரிய கம்பெனிப் பங்கு ரெண்டு மூணு மட்டும் எடுத்துக்கிட்டு, அதையே தினமும் பார்க்கிறது போதும். நாப்பது பங்கை மேலோட்டமா பார்க்கிறதை விட ரெண்டு பங்கோட சுபாவம் தெரிஞ்சிருக்கிறது நல்லது.

படி 3: ஆர்டர் புக்கை உக்காந்து படிங்க

ஸ்க்ரீன்ல தெரியுற ஒரு விலை வெறும் கடைசியா நடந்த வியாபாரத்தோட விலை. அந்த விலைல உங்களுக்குக் கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. இப்ப ஒரு பங்கோட ஆர்டர் புக் இப்படி இருக்குன்னு வைங்க. வாங்கக் காத்திருக்கிறவங்க: 99.95-ல 400 பங்கு, 99.90-ல 900 பங்கு. விக்கக் காத்திருக்கிறவங்க: 100.05-ல 300, 100.10-ல 500, 100.15-ல 1,200. கடைசி விலை 100-ன்னு காட்டுது.

நீங்க 1,000 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போடுறீங்க. முதல் 300 உங்களுக்கு 100.05-ல கிடைக்கும், அது தீர்ந்ததும் அடுத்த 500 100.10-ல, மீதி 200 100.15-ல. சராசரி 100.095. உடனே மனசு மாறி மார்க்கெட் ஆர்டர்லயே வித்தா 400 பங்கு 99.95-லயும் 600 பங்கு 99.90-லயும் போகும், சராசரி 99.92. விலை ஒரு துளி கூட நகரல, ஆனா உங்க கையை விட்டு 175 போயிடுச்சு, இதுல புரோக்கரேஜும் வரியும் இன்னும் சேரவே இல்ல. வாங்குற விலைக்கும் விக்கிற விலைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிக்கு ஸ்ப்ரெட்னு பேரு, நினைச்ச விலைக்கும் கிடைச்ச விலைக்கும் இருக்கிற வித்தியாசம் ஸ்லிப்பேஜ். இந்த ரெண்டும் எந்த பில்லுலயும் வராது, அதனாலதான் நிறைய பேர் கண்ணுக்கே படுறது இல்ல.

ஆர்டர் வகைகள்ல நாலு தெரிஞ்சா போதும். மார்க்கெட் ஆர்டர் உடனே நடக்கும், விலைக்கு உத்தரவாதம் இல்ல. லிமிட் ஆர்டர் சொன்ன விலைல இல்லாட்டி அதை விட நல்ல விலைல நடக்கும், ஆனா நடக்கும்னு உத்தரவாதம் இல்ல. ஸ்டாப் ஆர்டர் ஒரு விலையைத் தொட்டதும் மார்க்கெட் ஆர்டரா மாறும். ஸ்டாப் லிமிட் தொட்டதும் லிமிட் ஆர்டரா மாறும், விலை வேகமா தாண்டிப் போயிட்டா நடக்காம நின்னுடும், நீங்க பொசிஷனோட மாட்டிக்குவீங்க.

2010 மே 6-ம் தேதி அமெரிக்க மார்க்கெட்ல நடந்தது இதுக்குச் சரியான உதாரணம். சில நிமிஷத்துல அந்த ஊரு பங்குக் குறியீடான டவ் ஜோன்ஸ் கிட்டத்தட்ட 1,000 புள்ளி விழுந்து அதே வேகத்துல பெருமளவு மீண்டுச்சு, அந்த இடைவெளில ஆக்சென்சர்ங்கிற பெரிய கம்பெனியோட பங்கு ஒரு சென்ட்டுக்கு வியாபாரம் ஆச்சு. வாங்குறவங்க எல்லாரும் விலகிட்டதால மார்க்கெட் ஆர்டர்கள் புக்ல கிடைச்ச எந்த விலையா இருந்தாலும் போய் முட்டுச்சு. பின்னாடி ரொம்ப விலகிப்போன வியாபாரங்களை எக்ஸ்சேஞ்சுகள் ரத்து பண்ணாங்க, ஆனா எல்லாத்தையும் இல்ல. அதனால உள்ள போறதுக்கு லிமிட் ஆர்டர், வெளிய வர்ற ஸ்டாப்புக்கு நல்ல ஆழமான ஆர்டர் புக் உள்ள பங்கு, இதை வழக்கமாவே வச்சுக்கோங்க.

படி 4: செலவைக் கணக்கு போடுங்க, வருஷத்துக்கு

புரோக்கரேஜ் சும்மாதான்னு விளம்பரம் பார்த்துட்டு வர்றவங்க நிறைய. புரோக்கரேஜ் சைபரா இருந்தாலும் எக்ஸ்சேஞ்ச் கட்டணம், அரசாங்க வரி, ஸ்ப்ரெட், ஸ்லிப்பேஜ் எல்லாம் இருக்கு. ஒரு பேச்சுக்கு எல்லாம் சேர்த்து உள்ள போய் வெளிய வர 0.1% ஆகுதுன்னு வைங்க. கேக்க ரொம்பச் சின்னதா இருக்கும்.

அக்கவுண்ட்ல 1,00,000 இருக்கு, தினமும் அந்த முழுப் பணத்துக்கும் ரெண்டு டிரேடு பண்றீங்க. ஒரு நாளைக்கு 0.2%, அதாவது 200. வருஷத்துக்குச் சுமாரா 250 நாள் மார்க்கெட் நடக்கும். 200 பெருக்கல் 250, 50,000. போட்ட பணத்துல பாதி. லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம வெறுமனே நிக்கிறதுக்கே நீங்க வருஷத்துக்கு 50% சம்பாதிக்கணும். லீவரேஜ் எடுத்து அஞ்சு மடங்கு பொசிஷன் போட்டா செலவும் அஞ்சு மடங்கு, ஏன்னா கட்டணம் உங்க பணத்துக்கு இல்ல, வியாபாரத் தொகைக்கு.

500 டிரேடுக்கு மேல போனவங்க ஏன் அதிகம் தோக்குறாங்கன்னு இப்ப புரியும். அதே செபி அறிக்கைல இன்னொரு விஷயமும் இருக்கு, நஷ்டப்பட்டவங்க நஷ்டத்துக்கு மேல இன்னொரு 57% அளவுக்கு டிரேடிங் செலவா கட்டியிருக்காங்க. ஆக முதல் வேலையா உங்க புரோக்கர் தளத்துல இருக்கிற கட்டணக் கால்குலேட்டரைத் திறந்து, நீங்க எடுக்கப்போற குவான்டிட்டியைப் போட்டு, ஒரு டிரேடுக்கு மொத்தம் எவ்வளவுன்னு ஒரு எண்ணை எழுதி வையுங்க. அந்த எண் தெரியாம எந்த ஸ்ட்ராட்டஜியைப் பத்தியும் பேசுறதுல அர்த்தமே இல்ல.

படி 5: லீவரேஜ்னா என்னன்னு பயத்தோட புரிஞ்சுக்கோங்க

மார்ஜின் குடுக்கிறாங்கன்னா கடன் குடுக்கிறாங்கன்னு அர்த்தம். 5 மடங்கு லீவரேஜ்ல விலை 1% எதிரா போனா உங்க பணத்துல 5% போச்சு. 20 மடங்குல 5% நகர்ந்தா அக்கவுண்ட் காலி, அதுக்கு முன்னாடியே புரோக்கர் உங்க பொசிஷனை அடைச்சிடுவாரு, உங்களைக் கேக்க மாட்டாரு.

2015 ஜனவரி 15-ம் தேதி சுவிஸ் மத்திய வங்கி ஒரு யூரோ 1.20 சுவிஸ் ஃபிராங்குக்குக் கீழ போகக் கூடாதுன்னு பிடிச்சு வச்சிருந்த வரம்பை முன்னறிவிப்பு இல்லாம கைவிட்டுச்சு. நிமிஷக்கணக்குல ஃபிராங்க் எகிறுச்சு, 1.20-க்கு பக்கத்துல ஸ்டாப் வச்சிருந்தவங்களுக்கு எங்கேயோ தள்ளி இருந்த விலைலதான் வெளியேற முடிஞ்சுது, அக்கவுண்ட் சைபருக்குக் கீழ போய் புரோக்கருக்குக் கடன்பட்டவங்க உண்டு, சில புரோக்கர் கம்பெனிகளே திவாலாச்சு. ஸ்டாப் லாஸ் போட்டா பாதுகாப்பு, எவ்வளவு லீவரேஜ் வேணா எடுக்கலாம்னு யாராவது சொன்னா இந்தத் தேதியை ஞாபகம் வச்சுக்கோங்க.

என்னோட பரிந்துரை, முதல் ஆறு மாசத்துக்கு லீவரேஜே வேண்டாம். கீழ வர்ற குவான்டிட்டி கணக்கைச் சரியா போட்டா அது தேவையும் படாது.

படி 6: குவான்டிட்டி கணக்கு (இதுதான் எல்லாம்)

இந்தப் படியை ரெண்டு தடவை படிங்க, பேனா எடுத்துக்கிட்டுப் படிங்க.

முதல் விதி, ஒரு டிரேடு தப்பானா மொத்தப் பணத்துல எவ்வளவு போகலாம்னு முன்னாடியே முடிவு பண்ணணும். 0.5% போதும், 1%-க்கு மேல போகவே கூடாது. 1,00,000 அக்கவுண்ட்ல 0.5%னா 500. இந்த 500-ஐத்தான் டிரேடர்கள் 1 ஆர்னு சொல்வாங்க, ரிஸ்க்ங்கிறதோட முதல் எழுத்து.

இப்ப ஒரு பங்கு. 200.10-ல வாங்கலாம்னு நினைக்கிறீங்க. சார்ட்படி 197.50-க்குக் கீழ போனா உங்க எண்ணம் தப்புன்னு அர்த்தம், அதனால ஸ்டாப் அங்க. ஒரு பங்குக்கு ரிஸ்க் 2.60. ஸ்டாப் அடிக்கும்போது சொன்ன விலைல கிடைக்காது, 0.20 ஸ்லிப்பேஜ் சேர்த்துக்கோங்க, 2.80. 500-ஐ 2.80-ஆல வகுத்தா 178 பங்கு. அவ்வளவுதான், 178. வாங்குற தொகை சுமார் 35,600, உங்க சொந்தப் பணத்துக்குள்ளயே அடங்கிடுது, கடன் வாங்க வேண்டியதே இல்ல.

டார்கெட் 2 மடங்கு தூரத்துல, அதாவது 205.30. அது நடந்தா 178 பெருக்கல் 5.20, சுமார் 925. செலவு 0.1%னா 35 சொச்சம், கைக்கு வர்றது 890. ஸ்டாப் அடிச்சா ஸ்லிப்பேஜோட 498, செலவு 36, மொத்தம் 534 போகும். ரெண்டுக்கு ஒண்ணுன்னு இருந்தா மூணுல ஒண்ணு ஜெயிச்சா, அதாவது 33.3% ஜெயிச்சாலே நஷ்டம் இல்லன்னு எல்லா இடத்துலயும் சொல்வாங்க. செலவையும் ஸ்லிப்பேஜையும் சேர்த்தா இந்த டிரேடுல நீங்க 37.5% ஜெயிச்சாத்தான் சைபர்ல நிப்பீங்க. அந்த 4 சதவீத வித்தியாசத்துலதான் நிறைய நல்ல ஸ்ட்ராட்டஜிகள் செத்துப்போகுது.

"அப்ப ஸ்டாப்பைக் கிட்டத்துல வச்சா ரிஸ்க் குறையுமே"ன்னு தோணும். போட்டுப் பாருங்க. ஸ்டாப் தூரம் 0.50, ஸ்லிப்பேஜ் அதே 0.20, ஒரு பங்குக்கு 0.70. 500-ஐ வகுத்தா 714 பங்கு, தொகை 1,42,000-க்கு மேல, லீவரேஜ் இல்லாம முடியாது, செலவு மட்டும் 142. முன்னாடி ரிஸ்க்குல 7% செலவா போச்சு, இப்ப 28% போகுது. இதுல போதாக்குறைக்கு 0.50-ங்கிறது அந்தப் பங்கு சாதாரணமாவே மேலயும் கீழயும் ஆடுற தூரம், அதனால காரணமே இல்லாம ஸ்டாப் அடிச்சிட்டு விலை நீங்க சொன்ன பக்கமே போகும். ஸ்கேல்பிங்னு சொல்ற நொடிக்கணக்கு டிரேடிங் புதுசா வர்றவங்களுக்கு ஏன் ஆகாதுன்னா இதுதான் காரணம், அங்க எதிர்ல உக்காந்திருக்கிறது கம்ப்யூட்டரும் எக்ஸ்சேஞ்ச் பக்கத்துலயே வச்சிருக்கிற சர்வரும்.

ஏன் 0.5%, ஏன் 10% கூடாது? பாதிக்குப் பாதி ஜெயிக்கிற ஒரு முறை உங்ககிட்ட இருந்தாலும் 100 டிரேடுக்குள்ள எங்கேயாவது தொடர்ச்சியா 6 நஷ்டம் வர்றதுக்கு பாதிக்கு மேல வாய்ப்பு இருக்கு. இது துரதிர்ஷ்டம் இல்ல, சாதாரண நிகழ்தகவு. 0.5% ரிஸ்க்ல அந்த ஆறும் சேர்ந்து 3% எடுக்கும், தாங்கிக்கலாம். 10% ரிஸ்க்ல 47% போயிடும். 47% போனா பழைய இடத்துக்கு வர கிட்டத்தட்ட 89% சம்பாதிக்கணும். 10% இழந்தா 11% போதும், 20% இழந்தா 25% போதும், 50% இழந்தா இரட்டிப்பாக்கணும். பள்ளம் ஆழமாக ஆழமாக ஏறுறது ரொம்பக் கஷ்டம்.

படி 7: ஒரே ஒரு செட்டப்

பத்து இன்டிகேட்டர் வேண்டாம். காலைல முதல் ஒரு மணி நேரமும் கடைசி ஒரு மணி நேரமும் வால்யூம் (கைமாறுற பங்குகளோட எண்ணிக்கை) அதிகம், நடுவுல தூங்கும், பெரும்பாலான பங்கு மார்க்கெட்டுகள்ல இப்படித்தான். அதனால செட்டப்பும் அந்த நேரத்தை ஒட்டியே இருக்கலாம்.

மேல சொன்ன அதே பங்கை எடுத்துக்குவோம். நேத்து 196-ல முடிஞ்சது, ராத்திரி நல்ல ரிசல்ட் வந்தது, இன்னைக்கு 198-ல திறந்தது. முதல் 15 நிமிஷத்துல உச்சம் 200, தாழ்வு 197.60. இந்த 15 நிமிஷம் நீங்க ஒண்ணும் பண்றது இல்ல, ரெண்டு கோடு மட்டும் போடுறீங்க. விலை 200-ஐ வழக்கத்தை விட அதிக வால்யூமோட தாண்டினா வாங்கலாம், ஸ்டாப் தாழ்வுக்குக் கொஞ்சம் கீழ 197.50. தாண்டலன்னா டிரேடு இல்ல. தாண்டிட்டு 202-க்கு ஓடிப்போயிடுச்சு, நீங்க பார்க்கத் தவறிட்டீங்கன்னா அப்பவும் டிரேடு இல்ல, ஏன்னா 202-ல வாங்கினா ஸ்டாப் தூரம் 4.50 ஆகி மொத்தக் கணக்கும் மாறிடும். இதுக்கு ஓப்பனிங் ரேஞ்ச் பிரேக்அவுட்னு பேரு. பழசு, எல்லாருக்கும் தெரியும், இதுல மாயம் ஒண்ணும் இல்ல, நிறைய நாள் தோக்கும். இதைச் சொல்றதுக்குக் காரணம் எங்க உள்ள போறது, எங்க தப்புன்னு ஒத்துக்கிறது, எப்ப ஒண்ணும் பண்ணாம இருக்கிறதுன்னு மூணும் தெளிவா எழுத முடியுது. உங்க செட்டப் எதுவா இருந்தாலும் இப்படி நாலு வரில எழுத முடியலன்னா அது செட்டப்பே இல்ல.

கூட ஒரு கோடு வேணும்னா விவாப் (VWAP) வச்சுக்கோங்க. அன்னைக்கு நடந்த ஒவ்வொரு வியாபாரத்தோட விலையையும் குவான்டிட்டியால பெருக்கி, கூட்டி, மொத்த குவான்டிட்டியால வகுத்தா வர்ற சராசரி விலை அது. பெரிய நிறுவனங்கள் தங்களோட வியாபாரத்தை அதை வச்சுத்தான் மதிப்பிடுவாங்க, அதனால அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல விலை நடந்துக்கிற விதம் கவனிக்கத் தகுந்தது.

படி 8: பேப்பர்ல பண்ணுங்க, அப்புறம் ரொம்பச் சின்னதா நிஜத்துல

பேப்பர் டிரேடிங்ல பட்டன் எங்க இருக்கு, ஸ்டாப் எப்படிப் போடுறது, குவான்டிட்டியை எப்படி மாத்துறதுன்னு பழகிக்கலாம். விக்கிற பட்டனுக்குப் பதிலா வாங்குற பட்டனை அமுக்குற மாதிரி தப்பெல்லாம் அங்கேயே நடந்து முடியட்டும். ஆனா அதுல வர்ற லாபத்தை நம்பாதீங்க, அங்க உங்க ஆர்டர் நினைச்ச விலைல உடனே நடந்துடும், படி 3-ல பார்த்த வரிசைல நிக்கிற வேலையெல்லாம் இல்ல. 50 டிரேடு பேப்பர்ல, அடுத்த 100 டிரேடு நிஜத்துல 0.1% இல்லன்னா 0.25% ரிஸ்க்ல. அந்த 100 டிரேடுல சம்பாதிக்கிறது நோக்கம் இல்ல, எழுதின விதிப்படி நடந்தீங்களான்னு பார்க்கிறதுதான் நோக்கம்.

ஜர்னல்ல தேதி, பங்கு, உள்ள போன விலை, திட்டமிட்ட ஸ்டாப், நிஜமா வெளிய வந்த விலை, குவான்டிட்டி, செலவு, எத்தனை ஆர் லாபம் இல்ல நஷ்டம், விதிப்படியா இல்லையா, இவ்வளவும் எழுதுங்க. கடைசிக் கட்டம்தான் தங்கம். மாசக் கடைசில விதிப்படி பண்ணதைத் தனியா, விதி மீறினதைத் தனியா கூட்டிப் பாருங்க, எதை மாத்தணும்னு அந்த ரெண்டு கூட்டுத்தொகையே சொல்லிடும்.

படி 9: அன்னைக்கு எப்ப கடையை மூடுறது

மூணு ஆர் நஷ்டம் ஆனா அன்னைக்கு முடிஞ்சுது, லாகவுட். சில புரோக்கர்கள் தினசரி நஷ்ட வரம்பை அமைப்புலயே போட விடுவாங்க, இருந்தா போட்டுடுங்க, ஏன்னா அந்த நேரத்துல உங்க மனசை நீங்க நம்ப முடியாது. விட்டதைப் பிடிக்கணும்னு குவான்டிட்டியை இரட்டிப்பாக்குறதுதான் ரிவெஞ்ச் டிரேடு. இதுல எத்தனை பேரோட பல மாச உழைப்பு ஒரு மதியத்துல போயிருக்குன்னு நினைச்சா மனசு கனக்குது.

இன்னொரு ஆபத்து நஷ்டத்துல இருக்கிற பொசிஷனை ஆவரேஜ் பண்றது. விலை இறங்க இறங்க வாங்கிச் சேர்த்தா சராசரி குறையும், உண்மை, ஆனா 178 பங்குக்குப் போட்ட ரிஸ்க் கணக்கு 356 பங்கு ஆனதும் செத்துப்போச்சு. அப்புறம் சாயங்காலம் "சரி இதை டெலிவரி எடுத்து வச்சுக்கலாம்"னு இன்ட்ராடே பொசிஷனை இன்வெஸ்ட்மென்ட்டா மாத்துறது. ஒரு நாளுக்குன்னு எடுத்த முடிவு ஒரு வருஷத்துக்குப் பொருந்தாது.

படி 10: உங்க பணத்துக்குக் குறி வைக்கிறவங்க

டிப்ஸ் குரூப்பு, "மாசம் 10% உறுதி", "லாகின் குடுங்க நாங்க பண்ணித் தர்றோம்", லாப ஸ்க்ரீன்ஷாட். உறுதியான லாபம்னு யாரு சொன்னாலும் அங்கேயே பேச்சை முடிச்சுக்கோங்க, மார்க்கெட்ல அப்படி ஒண்ணு இல்ல. புரோக்கரா ஆலோசகரா யாரா இருந்தாலும் உங்க நாட்டு கட்டுப்பாட்டு அமைப்போட பதிவுப் பட்டியல்ல நீங்களே போய்த் தேடிப் பாருங்க, அவங்க அனுப்புற சான்றிதழ் படத்தை நம்பாதீங்க. போலி ஆப்ல லாபம் ஏறிக்கிட்டே இருக்கும், பணம் எடுக்கப் போனா "வரி கட்டுங்க, அப்புறம் விடுவிக்கிறோம்"னு இன்னும் கேப்பாங்க. அந்த நிமிஷமே பணம் போடுறதை நிறுத்திட்டு புகார் குடுங்க.

வரி விஷயம் நாட்டுக்கு நாடு வேற. பல இடங்கள்ல டே டிரேடிங் லாபம் நீண்டகால முதலீட்டு லாபம் மாதிரி சலுகை இல்லாம வரி போடப்படும், நஷ்டத்தை எதோட கழிக்கலாம்ங்கிறதுக்கும் தனி விதி இருக்கும், அதனால முதல் டிரேடுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க. புரோக்கர் குடுக்கிற கான்ட்ராக்ட் நோட் எல்லாத்தையும் சேமிச்சு வையுங்க.

படி 11: ஏத்துறது எப்ப, நிறுத்துறது எப்ப

இந்த ரெண்டையும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதி வையுங்க. போடுற பணம் வீட்டு வாடகையோ படிப்புச் செலவோ வைத்தியத்துக்கு வச்சதோ கடன் வாங்கினதோ இருக்கவே கூடாது, வேலையை விட்டுட்டு இதுல இறங்குறதும் இப்போதைக்கு வேண்டாம். 100 நிஜ டிரேடு முடிஞ்சதும் ஜர்னலை எடுங்க. எல்லாச் செலவும் போக சராசரியா ஒரு டிரேடுக்கு 0.1 ஆர் மாதிரி ஏதாவது பிளஸ்ல இருந்து, விதி மீறினது 10-க்குள்ள இருந்தா 0.5%-க்கு ஏத்தலாம், அடுத்த 100 டிரேடுக்கு அங்கேயே இருங்க. அதுவும் 100 டிரேடு ரொம்பச் சின்ன அளவு, அதுல வந்த லாபம் அதிர்ஷ்டமாவும் இருக்கலாம், அதனாலதான் ஒரேயடியா ஏத்தக் கூடாதுன்னு சொல்றேன்.

மைனஸ்ல இருந்தா ஒரு தடவை செட்டப்பை மாத்தி, மறுபடி 0.1% ரிஸ்க்ல இன்னொரு 100. அதுவும் மைனஸ், இல்ல எந்தக் கட்டத்துலயாவது அக்கவுண்ட் ஆரம்பத்துல இருந்து 15% கீழ வந்துடுச்சுன்னா, மீதி 85%-ஐ எடுத்து வங்கிக் கணக்குக்கு மாத்திட்டு, டிரேடிங் ஆப்பை போன்ல இருந்து எடுத்துடுங்க. அந்தப் பணத்தை இண்டெக்ஸ் ஃபண்டுல மாசாமாசம் போடுறதுக்கு இந்தப் பதினொரு படியும் தேவைப்படாது.